மகனுக்கு எழுதிக் கொடுத்த வீடு திரும்ப வருமா?

கேள்வி: எனக்கு வயது 68. கணவர் காலமான பிறகு, 2019-ல் என் பெயரில் இருந்த மாடி வீட்டை ஒரே மகனுக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தேன். அப்புறம் எல்லாம் மாறிவிட்டது. மருமகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பேரனை என்னிடம் விடுவதில்லை. சமையலறைக்குள் போகக் கூடாது என்றார்கள். நான்கு மாதம் முன்பு மகனே என்னை முதியோர் இல்லத்தில் கொண்டுவந்து சேர்த்தான். மாதம் 14,000 ரூபாய். இரண்டு மாதமாக அவன் கட்டவில்லை. பத்திரத்தை ரத்து செய்துவிடலாம் என்கிறார்கள். வீடு திரும்பக் கிடைக்குமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் பாதி மருமகளைப் பற்றியது. அதை ஒதுக்கி வையுங்கள். வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே இடத்தில்தான்: உங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் வீட்டை எழுதிக் கொடுத்தீர்களா? அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ன் 23-ஆம் பிரிவு அந்த நிபந்தனையைத்தான் கேட்கிறது. அது இருந்து, மகன் அதை மீறினால், பத்திரம் செல்லாது என்று வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயம் அறிவிக்கலாம். சிக்கல் என்னவென்றால், நம் ஊர்ப் பத்திரங்களில் வழக்கமாக இருப்பது இதற்கு நேர் எதிரான வாசகம்: "உன் மீதுள்ள அன்பினாலும் பிரியத்தினாலும் எழுதிக் கொடுத்தேன், இனி எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை, எக்காலத்திலும் ரத்து செய்ய மாட்டேன்." படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். முதல் வேலையாக சார் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிப் படியுங்கள்.

நிபந்தனை எழுத்தில் இல்லாவிட்டால் கதை முடிந்ததா? முடியவில்லை, ஆனால் கடினம். நிபந்தனை இருந்ததைச் சொல்லி நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சுதேஷ் சிக்காரா வழக்கில் கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் கொஞ்சம் தளர்ந்தது. அங்கே தானப் பத்திரம் எழுதிய அதே நாளில் மகன் தனியாக ஒரு உறுதிமொழியும் எழுதிக் கொடுத்திருந்தார். அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம், "அன்பும் பாசமும்" என்ற வாசகத்துக்குள்ளேயே கவனித்துக்கொள்ளும் நிபந்தனை மறைந்திருக்கிறது என்றது. இது உங்களுக்குச் சாதகம்தான். ஆனால் உங்கள் மகனின் வக்கீல் 2022 தீர்ப்பைத்தான் நீட்டுவார். அதனால் 2019-ஐ ஒட்டிய ஆதாரங்களைத் தேடுங்கள்: மகன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, உறவினர்கள் முன்னால் நடந்த பேச்சு, பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவர், எழுதிக் கொடுத்த பிறகும் அதே வீட்டில் மகனின் செலவில் நீங்கள் இருந்தது.

மனுவில் பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. "மகன் தொழில் தொடங்கக் கேட்டான், மனமுவந்து கொடுத்தேன்" என்று தாராளமாக எழுதிவிடுவார்கள். நிபந்தனை இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எதிர்த் தரப்புக்குக் கிடைக்காது. 17-ஆம் பிரிவு தீர்ப்பாயத்தில் வக்கீல் வாதாடுவதைத் தடுக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் போன்றவை இதை ஏற்கவில்லை என்றாலும், ஆர்.டி.ஓ. முன்னால் நீங்கள் தனியாக நிற்க நேரலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மனுவில் இருப்பதுதான் உங்கள் வாய். பேரனை உங்களிடம் விடாதது அதில் வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து சாப்பாடு நின்றது, மருந்துச் செலவை யார் கட்டினார்கள், இல்லத்தில் யார் கொண்டுவந்து விட்டார்கள், இவை போதும். இல்லத்தின் சேர்க்கைப் படிவத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். "சொந்த விருப்பத்தின் பேரில்" என்று அதில் உங்கள் கையெழுத்து இருந்தால், அதற்கு மனுவிலேயே பதில் சொல்லிவிட வேண்டும்.

ரத்துப் பத்திர யோசனையைச் சொன்னவரிடம் இனி யோசனை கேட்காதீர்கள். ஒரு தரப்பு மட்டும் போய் எழுதும் ரத்துப் பத்திரத்தைப் பதிய சார் பதிவாளருக்கு அதிகாரமில்லை என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வே சொல்லிவிட்டது. பணமும் மாதங்களும்தான் போகும்.

மனு எழுதும் முன் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். 2019-க்குப் பிறகு விற்பனையோ வங்கி அடமானமோ பதிவாகியிருந்தால் நிலைமையே வேறு. தீர்ப்பாய உத்தரவு கையில் இருந்தாலும், வாங்கியவரோடும் வங்கியோடும் தனியாக மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

அடுத்து மருமகள். அவரைத் திட்டித் தீர்க்கும் மனு உங்களுக்கே எதிராகத் திரும்பும். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி "பகிர்ந்து வாழ்ந்த வீட்டில்" வசிக்கும் உரிமை அவருக்கு உண்டு. 2007 சட்டத்தை வைத்து அந்த உரிமையை அப்படியே துடைத்துவிட முடியாது என்று எஸ். வனிதா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-லேயே சொல்லியிருக்கிறது. பத்திரம் ரத்தாகி, வீடு உங்கள் பெயருக்கு வந்து, மருமகள் மட்டும் மாடியில் இருந்து வெளியேறாமல் இருக்கும் நிலை வரலாம். இதற்கிடையில் மகன் தீர்ப்பாய உத்தரவை எதிர்த்து ரிட் மனுவோடு உயர் நீதிமன்றம் போவார். 68 வயதில் எத்தனை வருடம் வாய்தாவுக்கு அலைவீர்கள்?

அதனால் பட்டென்று சொல்கிறேன்: பத்திரத்தில் நிபந்தனை எழுதப்படவில்லை என்றால் சமரசத்துக்குப் போங்கள். 23-ஆம் பிரிவு மனுவைக் கொடுத்துவிட்டு, அந்த அழுத்தத்தோடு பேசுங்கள். வீடு முழுவதையும் கேட்காதீர்கள். கீழ்த்தளத்தில் ஆயுட்கால அனுபவ உரிமையைக் கேளுங்கள். அதை மகன் உங்களுக்குப் பதிவுப் பத்திரமாகவே எழுதித் தர வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. பதிவானால் வில்லங்கத்தில் தெரியும், வீட்டை வாங்குபவரும் அதை மீற முடியாது. ஏற்கெனவே அடமானம் இருந்தால், வங்கியின் சம்மதக் கடிதம் இல்லாமல் இந்த ஏற்பாட்டுக்கு மதிப்பில்லை. கையெழுத்துப் போடும் முன் தனிக் கழிப்பறை, தனி மின் இணைப்பு, வாசல் வழி, தண்ணீர் எல்லாம் பத்திரத்தில் பெயர் சொல்லி இருக்கிறதா என்று பாருங்கள். "கீழ்த்தளத்தில் இருந்துகொள்ளலாம்" என்று மட்டும் எழுதிவிட்டு மோட்டார் சுவிட்சை மாடியில் வைத்துக்கொண்டால் உங்களால் என்ன செய்ய முடியும்?

சமரசப் பேச்சில் மாவட்ட சமூக நல அலுவலர் முன்னால் மகன் கண் கலங்கி "அம்மாவைப் பார்த்துக்கிறேன்" என்றதும் மனுவைத் திரும்பப் பெறுவதுதான் மிகப் பெரிய தவறு. வாய் வார்த்தையை எந்த அதிகாரியாலும் நிறைவேற்ற முடியாது. சமரச நிபந்தனைகளைத் தீர்ப்பாயத்தின் உத்தரவாகவே எழுதி வாங்குங்கள்.

பராமரிப்புத் தொகையையும் அதே மனுவில் கேளுங்கள். உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய்தான். இல்லக் கட்டணம் 14,000 முழுவதும் இதில் வராது. உத்தரவு வந்த பிறகு மகன் ஒரு மாதம் கட்டத் தவறினால், அந்தத் தொகை கட்ட வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வசூல் மனு போட வேண்டும். "போகட்டும், மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம்" என்று ஒரு வருடம் காத்திருந்தால், பழைய மாதங்களுக்கு வாரண்ட் கிடைக்காது.