கையெழுத்து வாங்கினால் பயிற்சி ஆகிவிடுமா?

தொழிலிடப் பாதுகாப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆண்டுக்கு ஒருமுறை எல்லாரையும் உட்காரவைத்து அரைநாள் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறோம். வருகைப் பதிவில் கையெழுத்தும் வாங்குகிறோம். ஆனாலும் விரல் நசுங்குவதும் கை வெட்டுப்படுவதும் குறையவில்லை. வகுப்பு நேரத்தைக் கூட்ட வேண்டுமா?

கூட்டாதீர்கள், உடையுங்கள். ஷிப்டு தொடங்கும்போது, இயந்திரத்தின் பக்கத்திலேயே, பத்து நிமிடம், ஒரே ஒரு விஷயம் போதும். செய்துகாட்டுங்கள். பிறகு அவரைச் செய்யச் சொல்லி, செய்யும்போதே காரணத்தையும் சொல்லச் சொல்லுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "கன்வேயரில் சாக்கு சிக்கினால் முதலில் எதைத் தொடுவீர்கள்?" என்று கேட்டால்தான் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது வெளிவரும். இரண்டு வாரம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல், முடிந்தால் இரவு ஷிப்டில் போய்ப் பாருங்கள். அன்று கை என்ன செய்கிறதோ அதுதான் நீங்கள் கொடுத்த பயிற்சி. கையெழுத்து கணக்குக்கு மட்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்களா? அடைப்பு எடுக்க ஒரு ஷிப்டில் பத்துத் தடவை நான்கு போல்ட்டைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தால், எத்தனை வகுப்பு எடுத்தாலும் மூடி மூலையில்தான் கிடக்கும். கீல் வைத்து, திறந்தவுடன் இயந்திரம் நிற்கும்படி சுவிட்ச் இணையுங்கள். அடைப்பு ஏன் விழுகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்தால் இன்னும் நல்லது. ஆபத்தை நீக்க முடியுமா, மாற்ற முடியுமா, மூட முடியுமா என்று பார்த்த பிறகுதான் கையுறையும் பயிற்சியும். தலைகீழாகத் தொடங்குவதால்தான் பழி எப்போதும் தொழிலாளி தலையில் விழுகிறது.

கேள்வி: மெக்கானிக் பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தபோது வேறொருவர் இயந்திரத்தைப் போட்டுவிட்டார். "வேலை நடக்கிறது" என்ற அட்டை தொங்கத்தான் செய்தது. மயிரிழையில் தப்பினார். எப்படிப் பயிற்சி கொடுப்பது?

அட்டை எச்சரிக்கும், தடுக்காது. தடுப்பது பூட்டு. 'ஸ்டாப்' பொத்தானை அழுத்திவிட்டாலே போதும் என்ற நினைப்பை முதலில் உடைக்க வேண்டும். அந்தப் பொத்தான் கட்டுப்பாட்டுச் சுற்றைத்தான் துண்டிக்கிறது. கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) வரை மின்சாரம் அப்படியே நிற்கும்.

வரிசை இது: வேலை நடக்கப்போவதை அங்குள்ளவர்களிடம் சொல்லுங்கள். இயந்திரத்தை முறைப்படி நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்து, அதில் பூட்டு மாட்டுங்கள். ஆளுக்கு ஒரு பூட்டு. அதன் ஒரே சாவி அவரவர் சட்டைப்பையில். மூன்று பேர் வேலை செய்தால், பல பூட்டு மாட்டும் கொக்கியில் மூன்று பூட்டு தொங்க வேண்டும்.

அடுத்தது பலரும் தவறவிடும் இடம்: தேங்கி நிற்கும் சக்தி. காற்றுக் குழாயில் அழுத்தம், ஹைட்ராலிக் எண்ணெய், இழுபட்ட ஸ்பிரிங், தூக்கி நிற்கும் பளு, சுழன்றுகொண்டிருக்கும் ஃப்ளைவீல், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் பெட்டியில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர். மின்சாரத்தை மட்டும் பூட்டிவிட்டுக் கையை விட்டால் காற்று சிலிண்டர் நகர்ந்து விரலை எடுத்துவிடும். அழுத்தத்தை வெளியேற்றுங்கள், பளுவுக்கு முட்டுக்கொடுங்கள், கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்க, தயாரிப்பாளர் குறித்த நேரம் காத்திருங்கள். பிறகு ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, ஓடவில்லை என்று உறுதிசெய்து, மீண்டும் ஸ்டாப் நிலைக்குக் கொண்டுவாருங்கள். மின்பகுதியில் கை வைப்பவர் டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் சோதித்து, அடுத்து வேலை இடத்தில் பார்த்து, மறுபடி மின்சாரம் உள்ள இடத்தில் சோதிக்க வேண்டும். பழுதான டெஸ்டரும் "மின்சாரம் இல்லை" என்றுதான் காட்டும்.

முடிந்ததும் கருவிகளை எடுத்து, மூடியை மாட்டி, ஆட்களை எண்ணுங்கள். பூட்டியவரே பூட்டைத் திறக்க வேண்டும். ஷிப்டு மாறினால், வருகிறவர் தன் பூட்டை மாட்டிய பிறகே போகிறவர் எடுக்கலாம்.

பயிற்சியில் ஒரு கேள்வி போதும்: "இந்த இயந்திரத்துக்குள் சக்தி எத்தனை வழியாக வருகிறது? நடந்துபோய் ஒவ்வொன்றையும் தொட்டுக்காட்டுங்கள்." பழைய ஆட்களே ஒன்றிரண்டை விட்டுவிடுவார்கள்.

கேள்வி: தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்பவர்களுக்கு எதைச் சொல்லித்தர வேண்டும்?

இறங்குபவரைவிட வெளியே நிற்பவருக்குப் பயிற்சி கூடுதலாக வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கியதும் காப்பாற்றக் குதிப்பவர்தான் அடுத்துச் சாகிறார். வெளியே நிற்பவர் எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே போகக்கூடாது. ஆட்களைக் கூப்பிட்டு, இறங்கும் முன்பே அவர் உடலில் மாட்டியிருந்த கயிற்றையும், தொட்டி வாய்க்கு மேல் நிறுத்திய மூன்று கால் தாங்கியையும் கொண்டு மேலே இழுக்க வேண்டும். இதை மணல்மூட்டையை வைத்து இழுத்துப் பழகட்டும்.

வாயு மானியில் முதலில் பார்க்க வேண்டியது ஆக்சிஜன் (19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும்), அடுத்து தீப்பற்றும் வாயு, பிறகு நச்சு வாயு. இந்த வரிசைக்குக் காரணம், தீப்பற்றும் வாயுவை அளக்கும் பல கருவிகள் ஆக்சிஜன் குறைந்தால் தவறாகக் காட்டும். மேல், நடு, அடி என மூன்று உயரத்திலும் அளக்க வேண்டும். மூக்கை நம்பவே கூடாது: ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் முகரும் சக்தியையே அணைத்துவிடும். காற்றோட்டத்துக்கு ஊதுவிசிறி; ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடுவது தீயை அழைப்பது.

கேள்வி: விபத்து நடக்காமல் தப்பியதையும் சொல்லச் சொன்னோம். ஒருவரும் வாய் திறப்பதில்லை.

முதலில் சொன்னவருக்கு என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். திட்டு வாங்கியிருப்பார். சொன்ன குறையை அதே ஷிப்டில் சரிசெய்யுங்கள். முடியாவிட்டால் எப்போது முடியும் என்று அவரிடமே சொல்லுங்கள்.

கேள்வி: நுரைக் காதடைப்பான் கொடுத்தும் இரைச்சல் குறையவில்லை என்கிறார்கள்.

பெரும்பாலும் பாதிதான் உள்ளே போயிருக்கும். கையைக் கழுவிவிட்டு, அடைப்பானை மடிப்பு விழாமல் மெல்லியதாக உருட்டுங்கள். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துளை நேராகும். உள்ளே செருகி, விரிந்து நிறையும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். எதிரே நின்று பார்ப்பவருக்கு அது துருத்திக்கொண்டு தெரிந்தால் சரியாகப் போகவில்லை. எடுத்துவிட்டு மறுபடி உருட்டச் சொல்லுங்கள்.