பிளாஸ்டிக் எண்ணெய் நாப்தா ஆகுமா? – வாசகர் கேள்வி பதில்

கே: பிளாஸ்டிக் கழிவிலிருந்து வரும் எண்ணெயை, கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் மூலப்பொருளான நாப்தாவுக்குப் பதிலாக அப்படியே ஊற்றிப் புதுப் பிளாஸ்டிக் செய்யலாமா?

ப: அப்படியே முடியாது. பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் கழிவைக் காற்றுப் புகாத உலையில் 400 முதல் 550 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் நீண்ட சங்கிலிகள் அறுந்து வாயு, எண்ணெய், மெழுகு மூன்றும் வரும். இந்த எண்ணெயில் இரட்டைப் பிணைப்புள்ள ஒலிஃபீன்கள் மிக அதிகம். தொட்டியில் கிடக்கும்போதே பிசின் கட்டும். நாப்தாவை நீராவியோடு சூடாக்கிச் சிறு மூலக்கூறுகளாக உடைக்கும் உலைக்கு நீராவி கிராக்கர் என்று பெயர்; 800 டிகிரி தாண்டிய அதன் குழாய்களில் இந்த எண்ணெய் கரியாகப் படியும். அதனால் வடித்து, மாசு நீக்கி, ஹைட்ரஜன் ஏற்றி, வழக்கமான நாப்தாவோடு சிறு பங்காகக் கலக்கிறார்கள்.

கே: தண்ணீர்க் குழாய் செய்யும் பிவிசி பிளாஸ்டிக் நூற்றுக்கு ஒரு பங்கு கலந்துவிட்டால் என்ன கெட்டுவிடும்?

ப: ஆலையே கெட்டுவிடும். பிவிசியின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். ஒரு டன் கழிவில் 1 சதவீதம் என்றால் 10 கிலோ பிவிசி. அது ஏறக்குறைய 5.8 கிலோ ஹைட்ரஜன் குளோரைடைக் கக்கும். குளிர்விப்பானில் ஈரம் சேரும் இடத்தில் அது அமிலமாகி எஃகை அரிக்கும். கூடவே நைலான் இருந்தால், அதன் நைட்ரஜன் அம்மோனியாவாகி, அம்மோனியம் குளோரைடு உப்பு குழாயை அடைக்கும். மிச்சக் குளோரின் எண்ணெய்க்குள்ளேயே கரிமக் குளோரைடாக ஒளிந்துகொள்ளும். கிராக்கர் பொறுப்பதோ பத்து லட்சத்தில் சில பங்குதான்.

தடுக்கும் இடம் வாசலிலேயே இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் போட்டால் பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும்; அடர்த்தி சுமார் 1.4 உள்ள பிவிசி மூழ்கும். ஆனால் நுரைத்த பிவிசி மிதந்து ஏமாற்றும், ஒட்டிய பல அடுக்கு உறைகள் பிரியவே பிரியாது. அவற்றுக்கு அகச்சிவப்புக் கதிர் பிரிப்பான் வேண்டும். அதையும் தாண்டி வந்ததை 300 டிகிரி அளவில் உருக்கி, முதலில் வெளியேறும் அமில வாயுவைக் காரக் கரைசலில் பிடிக்கலாம். உலையில் சுண்ணாம்பு போடுவதும் உண்டு. அது கால்சியம் குளோரைடாகிக் கரியோடு சேர்ந்து, அள்ளவேண்டிய கழிவைக் கூட்டும். சோம்பலான தரம்பிரிப்புக்குச் சுண்ணாம்பு மருந்தாகாது.

கே: தண்ணீர் பாட்டில்களையும் போடலாமா?

ப: வேண்டாம். அவை பெட் (PET) என்ற வேறு வகைப் பிளாஸ்டிக். உலையில் பென்சாயிக், டெரெப்தாலிக் அமிலங்களாகி, குளிர்ந்ததும் வெள்ளைப் படிவமாக உறைந்து குழாயை மூடும். பெட்டை எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் வினையூக்கியோடு சூடாக்கிச் சிறு மூலக்கூறுகளாகப் பிரிக்கும் வழி தனியாக உண்டு.

கே: 100 கிலோ கழிவுக்கு எவ்வளவு புதுப் பிளாஸ்டிக் கிடைக்கும்?

ப: சுத்தமான கழிவு, நல்ல உலை என்றால் 70 கிலோ எண்ணெய் என்று வையுங்கள். கிராக்கரில் அதிலிருந்து வரும் பிளாஸ்டிக் மூலப்பொருள்களில் எத்திலீன் சுமார் 30, புரொப்பிலீன் சுமார் 15 சதவீதம் என்றால், இரண்டும் சேர்ந்து 30 கிலோ சொச்சம். எண்ணெயின் கனமான பகுதியை ஒதுக்கினால் இன்னும் குறையும். உருக்கிக் குருணையாக்க முடிகிற கழிவை இந்த உலைக்கு அனுப்புவது வீண். அழுக்கான பல அடுக்கு உறைகளுக்குத்தான் இது தேவை. வேடிக்கை என்னவென்றால், உலைக்கு ஆகாத நைலானும் அவற்றில்தான் இருக்கிறது.

கே: டிரம் வைத்து வீட்டில் செய்து பார்க்கலாமா?

ப: கூடாது. மெழுகு உறைந்து குழாய் அடைத்தால் டிரம் வெடிக்கும். காற்றுக் கசிந்தாலும் அப்படியே. ஆலையில் சூடாக்குமுன் நைட்ரஜன் செலுத்திக் காற்றை வெளியேற்றுவார்கள்; கரி ஆறும்வரை மூடியைத் திறப்பதில்லை.