தங்கம் கிடைக்காத தங்க நகரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கோலார் தங்கவயல்காரன். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். மிஞ்சியது தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு, சயனைடு மேடுகள். எங்கள் பிள்ளைகள் தினமும் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். சான் பிரான்சிஸ்கோவும் தங்கத்தால் எழுந்த ஊர்தானே? அது மட்டும் எப்படி வளர்ந்துகொண்டே போனது? முதலில் போனவர்களின் உழைப்பா, அதிர்ஷ்டமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உழைப்பு காரணமாக இருக்க முடியாது. பூமிக்கடியில் 3 கிலோமீட்டர் இறங்கிய ஊர் உங்களுடையது. சான் பிரான்சிஸ்கோவில் தங்கமே கிடைக்கவில்லை, விஷயம் அங்கேதான் இருக்கிறது.

1848 ஜனவரி 24 அன்று ஜேம்ஸ் மார்ஷல் தங்கத்தைக் கண்டது கலிபோர்னியா மலையடிவாரத்தில் இருக்கும் கொலோமாவில், மரம் அறுக்கும் ஆலைக்காக வெட்டிய கால்வாயில். சான் பிரான்சிஸ்கோ அங்கிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அது ஒரு துறைமுகம், அவ்வளவுதான். ஆனால் கடல்வழி வருகிறவன் அங்கேதான் இறங்கியாக வேண்டும். மண்வெட்டி, மாவு, சாராயம் எல்லாமே அங்கே இறங்கித்தான் மலைக்குப் போயின. சாம் பிரானன் என்ற கடைக்காரர் இதை முதலில் புரிந்துகொண்டார். சுரங்கச் சாமான்களைக் கடையில் நிரப்பிவிட்டு, தங்கத்தூள் அடைத்த குப்பியோடு தெருவில் ‘தங்கம், தங்கம்’ என்று கூவிக்கொண்டு போனார். விளம்பரம் என்றால் அது! மார்ஷலோ 1885இல் கையில் காசில்லாமல் இறந்தார். (பிரானனும் கடைசியில் ஏழையாகத்தான் போனார், அது வேறு கதை.)

சுமார் 1,000 பேர் இருந்த ஊரில் 1849 முடிவில் 25,000 பேர். வந்த கப்பல்களின் மாலுமிகளும் தங்கம் தேடி ஓடிவிட்டார்கள். ஆளில்லாக் கப்பல்கள் நூற்றுக்கணக்கில் குடாவில் நின்றன. ஊரில் மரமும் இல்லை, வீடு கட்ட ஆளும் இல்லை. சரி, கப்பலையே வீடாக்கு என்று கிளம்பினார்கள். ‘நையாண்டிக்’ கரையேற்றப்பட்டுக் கிடங்கானது. ‘யூஃபீமியா’ சிறைச்சாலை, ‘அப்பல்லோ’ சாராயக்கடை. அப்புறம் தண்ணீருக்கு அடியில் இருந்த நிலத்தையே மனை மனையாக விற்றார்கள். வாங்கியவர்கள் மணலும் குப்பையும் கொட்டித் தூர்த்தார்கள். அப்போது அலை தொட்ட மான்ட்கோமரி தெரு இன்று கரையிலிருந்து பல தெருக்கள் உள்ளே இருக்கிறது. 1851 தீயில் எரிந்து மண்ணுக்குள் போன நையாண்டிக்கின் அடிப்பாகம் 1978இல் ஒரு கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது அகப்பட்டது.

ஒன்றரை வருடத்தில் ஆறு பெரிய தீ. ஒவ்வொரு முறையும் ஊர் உடனே எழுந்தது, ஏனென்றால் சரக்கு வந்துகொண்டே இருந்தது. 1859இல் நெவாடாவில் வெள்ளி கிடைத்தபோது அதன் பங்குகளை வாங்கி விற்றதும் இந்த ஊரில்தான். ஆற்றுத் தங்கம் குறைந்தபோது ஊர் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வங்கி, கப்பல், கோதுமை ஏற்றுமதி என்று வேறு பிழைப்பு வந்துவிட்டது.

முதலில் போனவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கு முன்பே கலிபோர்னியாவில் சுமார் 1,50,000 பழங்குடிகள் இருந்தார்கள். 1870க்குள் ஏறத்தாழ 30,000 ஆனார்கள். நோயால் மட்டுமல்ல. அவர்களை வேட்டையாடிய படைகளுக்கு மாகாண அரசே பணம் கொடுத்தது. 1850இல் போட்ட ஒரு சட்டம் அவர்களின் குழந்தைகளைக்கூட வேலைக்குப் பிடித்துவைக்க வழிசெய்தது. அந்த நகரத்தின் சாதனைகளை அடுக்குகிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

உங்கள் ஊருக்கு வருவோம். 1902இல் காவிரி அருவியான சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, பெங்களூருக்கு முன்பே. ஆனால் அது வந்தது சுரங்கத்துக்காக. நிலமும் தொழிலாளர்களின் லைன் வீடுகளும் சுரங்கத்தை நடத்திய பிரிட்டிஷ் கம்பெனியுடையவை, லாபம் லண்டனுக்குப் போனது. ஊருக்கென்று தனி வியாபாரம் வளர அங்கே இடமே விடவில்லை. கொஞ்சம் இடம் கிடைத்தது உங்கள் ஊரின் கடைவீதிப் பகுதியான ராபர்ட்சன்பேட்டையில். அந்தக் கடைவீதி மட்டும் சுரங்கம் மூடிய பிறகும் நடக்கிறதல்லவா?