பழைய பிரின்டர் இருக்க ஏஆர்எம் மடிக்கணினி வாங்கலாமா?

கேள்வி: கல்முனையில் போட்டோகொப்பி, டைப்செட்டிங் கடை வைத்திருக்கிறேன். கணினி ஏழாம் தலைமுறை இன்டெல், விண்டோஸ் 10. கல்யாண அழைப்பிதழ்களைப் பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில் செய்கிறேன். ஸ்னாப்டிராகன் எக்ஸ் மடிக்கணினி வாங்கினால் பற்றரி நாள் முழுக்க நிற்குமாம். மாறலாமா?

பதில்: மாறத்தான் வேண்டும் தம்பி. விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11க்குப் பொதுவாக எட்டாம் தலைமுறை இன்டெலாவது வேண்டும். ஊர்ச்சனத்தின் அடையாள அட்டையும் காணி உறுதியும் ஸ்கேன் பண்ணுகிற கணினியை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. எதற்கு மாறுவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

கணினியின் மூளையான புரொசஸர்களில் இன்டெலும் ஏஎம்டியும் பேசுவது எக்ஸ்86 என்ற ஒரே பாஷை. ஸ்னாப்டிராகன் பேசுவது ஏஆர்எம், கைத்தொலைபேசியில் இருக்கிற வகை. மின்சாரம் குறைவாகவே எடுக்கும். கரண்ட் போனாலும் வேலை ஓடும். அந்த நன்மை உண்மையானது. பழைய எக்ஸ்86 மென்பொருளை விண்டோஸே ஓட ஓட மொழிபெயர்த்துக் கொடுக்கும், வேகம் கொஞ்சம் குறையலாம். பாமினிக்குப் பிரச்சினை இல்லை. எழுத்துரு எந்தப் புரொசஸரிலும் எழுத்துருதான்.

இடறுவது டிரைவரில், அதாவது பிரின்டரை விண்டோஸோடு பேசவைக்கிற சின்ன மென்பொருளில். அது விண்டோஸுக்குள்ளேயே இறங்கி வேலை செய்வது. அங்கே மொழிபெயர்ப்பு நடக்காது. ஏஆர்எம்முக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். பழைய பிரின்டர்கள் பலவற்றுக்குக் கம்பனிகள் அதை எழுதவேயில்லை. போன மாதம் ஏறாவூரிலிருந்து ஒருவர் புது மடிக்கணினியையும் பழைய லேசர் பிரின்டரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். டிரைவரை எத்தனை தரம் ஓட்டியும் பாதியில் நின்றது. பிரின்டரில் பச்சை விளக்கு எரிந்தபடியே இருந்தது, ஒரு தாள் வரவில்லை. இரண்டிலும் பழுதில்லை. நகையை அடகு வைத்து வாங்கிய மடிக்கணினி அது. எனக்கே மனசு கேட்கவில்லை. டொங்கிள் (யூஎஸ்பியில் செருகுகிற லைசன்ஸ் சாவி) செருகி ஓடுகிற மென்பொருளுக்கும் இதே கதி வரலாம்.

அதனால் கடைக்கு எக்ஸ்86ஐயே எடுங்கள். பற்றரிதான் முக்கியமென்றால் இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையும் நன்றாக நிற்கும், விலை கூட. காசு இறுக்கமென்றால் எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட பாவித்த கணினியும், ஒரு யூபிஎஸ்ஸும் போதும். படிக்கிற பிள்ளைக்கு வாங்குவதென்றால் ஏஆர்எம் எடுக்க நானே சொல்வேன். ரேம் பெரும்பாலும் போர்டோடு ஒட்டியே வரும், பிறகு கூட்ட முடியாது, 16 ஜிபி பார்த்து எடுங்கள்.

இல்லை, கடைக்கும் ஏஆர்எம்தான் என்றால், காசு கட்டுவதற்கு முன் உங்கள் பிரின்டரை அங்கேயே கொண்டுபோய்ச் செருகி ஒரு அழைப்பிதழ் அடித்துப் பாருங்கள்.