சபையில் பேசுகிற அளவுக்குக் கிறிஸ்தவர்கள் வாழ்க்கையிலும் இருக்கிறார்களா?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் நீங்களும் ஏதோ ஒரு சபையில் மனம் நொந்திருக்கிறீர்கள். நான் பர்மாவில், முன்பு ரங்கூன் என்று சொன்ன யாங்கூனில் பிறந்து வளர்ந்தவன், ஞானஸ்நானம் எடுத்தவன், இந்த ஞாயிறும் ஆராதனைக்குப் போனவன். அதனால் "சபையைத் தூற்ற வந்துவிட்டான்" என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

எங்கள் சபை ஆண்டு விழாவில் எந்த வருஷமும், அமெரிக்காவிலிருந்து பர்மாவுக்கு வந்த மிஷனரி ஜட்சன் ஐயா இல்லாமல் பிரசங்கம் கிடையாது. 1813இல் அவர் ரங்கூனில் வந்து இறங்கியது, முதல் ஆளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1819 வரை காத்திருந்தது, எல்லாம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். "அந்த வித்தின் விளைச்சல் நாம்" என்று சயா (எங்கள் போதகர்) முழங்கும்போது எனக்கும் உடம்பு சிலிர்க்கும். பொய் சொல்லமாட்டேன்.

2021 ஜூலையில் அப்பாவுக்குக் கொரோனா வந்தது. அந்த மாதம் யாங்கூனில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் இடமில்லை, ஆக்சிஜன் ஆலை வாசல்களில் காலி சிலிண்டரோடு ஜனங்கள் வரிசையில் கிடந்தார்கள். அப்பாவுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 82க்கு இறங்கிவிட்டது. கமிட்டியில் இருந்த, சொந்தக் கார் உள்ள ஒரு பெரியவருக்குப் போன் போட்டேன். "ஜெபத்தில் வைக்கிறோம் தம்பி" என்றார். அடுத்த தடவை போனை எடுக்கவில்லை. பயந்திருப்பார், அவர் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் உண்டு. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அதே வாரம் ஜூம் ஆராதனையில் விசுவாசத்தின் வல்லமையைப் பற்றி அவர் அரை மணி நேரம் பேசினார். அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

வந்தது யார் தெரியுமா? எங்கள் தெரு முனையில் மொகிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) விற்கிற அத்தை. சபையில் கடைசி பெஞ்சு. ஜெபம் பண்ணச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வார். யாரும் சொல்லாமலே விஷயம் தெரிந்து, மகனை சைக்காவோடு (சைக்கிள் ரிக்‌ஷாவோடு) அனுப்பிவிட்டார். அவன் எங்கள் சிலிண்டரை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் போனவன், ஊரடங்கு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் திரும்பினான். அத்தை ஒன்பது நாள் கேட்டில் கஞ்சித் தூக்கை மாட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் தள்ளி நின்று, "அண்ணன் குடிச்சாரா?" என்று கேட்டுவிட்டுப் போவார். பத்தாம் நாள் அப்பா போய்விட்டார்.

ஜட்சன் கதையில் பிரசங்கத்துக்கு வராத பக்கம் ஒன்று இருக்கிறது. 1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் சண்டை மூண்டு, அன்றைய தலைநகரான ஆவாவில் அவரைச் சிறையில் போட்டபோது, அவர் மனைவி ஆன் சோறு எடுத்துக்கொண்டு சிறை வாசலுக்கு நடையாய் நடந்தார். எங்கள் மேடையில் ஜட்சனின் கால் விலங்கைப் பற்றித்தான் பேசுவார்கள், சோற்றைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். "நாங்கள் தமிழ்ச் சபை" என்று மார் தட்டுகிறோம். வாலிபர்கள் கீர்த்தனைகளைப் பர்மிய எழுத்தில் எழுதிவைத்துத்தான் பாடுகிறார்கள். தமிழ் வகுப்பு ஆரம்பிக்கலாம் என்று மூன்று தடவை கேட்டுவிட்டேன், பணமில்லை என்றார்கள். நன்கொடையாளர் பெயர்களைச் சலவைக்கல்லில் வெட்டப் பணம் இருந்தது. அந்தக் கல்லில் என் பெயரும் இருக்கிறது. அத்தை பெயர் இல்லை.

போன மாதம் அவரிடம் கேட்டேன், பயமாக இல்லையா அத்தை என்று. "பயந்தான். என் மக கல்யாணத்துக்கு உங்க அப்பாதானே விடிய விடிய நாற்காலி தூக்குனாரு" என்றார். அப்பா இதை எங்களிடம் சொன்னதே இல்லை.

அத்தைக்குத் தமிழ் வாசிக்க வராது. இப்போது நானும் கடைசி பெஞ்சில்தான் உட்காருகிறேன். பாட்டு ஆரம்பித்ததும் அடுத்த அடியை அவர் காதில் மெதுவாகச் சொல்கிறேன், அவர் பாடுகிறார்.