‘இன்றே கடைசி நாள்’ என்று மெயில் வந்தால்?

கேள்வி: என் மகன் நியூஜெர்சியில் எச்1பி விசாவில் ஏழு வருடமாக ஒரே கம்பெனியில் இருந்தான். போன வாரம் ‘இன்றே கடைசி நாள்’ என்று மெயில் வந்ததாம். அதே ஆபீஸில் 120 பேருக்கு இப்படி. நான்கு வாரச் சம்பளம் தருகிறோம், கையெழுத்துப் போடு என்கிறார்கள். கேஸ் போட்டால் விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று பயப்படுகிறான்.
- வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று போன் போட்டுச் சொல்லுங்கள் அம்மா, மற்றதை அப்புறம் பேசலாம்.

அமெரிக்காவில் ‘வார்ன்’ என்று 1988-இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கம்பெனி, கூட்டமாக ஆள்குறைப்பு செய்தால் 60 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த நாட்களுக்கான சம்பளமும் சலுகைகளும் தர வேண்டும். ஆனால் 500 பேருக்குக் குறைவாக அனுப்பினால், அவர்கள் அந்த இடத்து ஆட்களில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று ஒரு கொக்கி உண்டு. பல கம்பெனிகள் தப்பிப்பது இங்கேதான்.

நியூஜெர்சிக்குத் தனியாக ஒரு மாநிலச் சட்டம் உண்டு, அதில் 2023 ஏப்ரலில் இருந்து அந்தக் கொக்கியைக் கழற்றிவிட்டார்கள். நாடு முழுக்க 100 பேர் வைத்திருக்கும் கம்பெனி, மாநிலத்துக்குள் 50 பேரை நிறுத்தினாலே 90 நாள் நோட்டீஸ் தர வேண்டும். நோட்டீஸ் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வாரச் சம்பளம் கட்டாயம், நோட்டீஸ் குறைந்தால் மேலே நான்கு வாரம். கணக்குப் போட்டால் உங்கள் மகனுக்குப் பதினொரு வாரம் வருகிறது, அவர்கள் நீட்டுவதோ நான்கு! இந்தப் பணத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாலும், மாநிலத் தொழிலாளர் ஆணையரோ நீதிமன்றமோ ஒப்புக்கொள்ளாமல் அது செல்லாது.

கேஸ் போடுவதற்கும் விசாவுக்கும் சம்பந்தமில்லை, இந்தச் சட்டம் விசா பார்ப்பதில்லை. ஆனால் அமெரிக்க மத்தியத் தொழிலாளர் துறையிடம் மனு போட்டுக் காத்திருந்தால் பணம் வராது, வார்ன் வழக்கைத் தொழிலாளிதான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும். 120 பேரும் சேர்ந்து போடலாம், ஜெயித்தால் மட்டும் பீஸ் வாங்கும் வக்கீல்களும் உண்டு.

விசாவுக்கு வேறு கடிகாரம். வேலை முடிந்த மறுநாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள்தான் அங்கே இருக்கலாம், ஐ-94 (எதுவரை தங்கலாம் என்று காட்டும் அமெரிக்க அரசுப் பதிவு) அதற்குள் முடிந்தால் அதுவும் குறையும். அதற்குள் புது கம்பெனி அவருக்காக விசா மனு போட்டாக வேண்டும், ஆகவே வழக்கை வக்கீலிடம் விட்டுவிட்டு உங்கள் மகன் வேலை தேடட்டும். ஒருவேளை கிடைக்காமல் ஊர் திரும்ப நேர்ந்தால், விசாக் காலம் முடியும் முன்பே நீக்கிய கம்பெனிதான் அவருடைய டிக்கெட் செலவை ஏற்க வேண்டும், அதையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.