கேள்வி – பதில்: டிம் ரஸ்ஸர்ட் கேட்டவையும் கேட்காமல் விட்டவையும்

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் பதினாறு ஆண்டுகளுக்கும் மேலாக 'மீட் த பிரஸ்' என்னும் ஞாயிற்றுக்கிழமை அரசியல் நேர்காணல் நிகழ்ச்சியை நடத்திய டிம் ரஸ்ஸர்ட் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. அதைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

அரசியல்வாதிகளிடம் வேலை பார்த்த ஒருவர் எப்படி நடுநிலையான செய்தியாளராக முடியும்? – இதழியல் மாணவி, திருச்சி

ரஸ்ஸர்ட் இதழியல் படித்தவர் அல்லர், சட்டம் படித்தவர். 1950இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பிறந்தார். அவருடைய தந்தை நகரத் துப்புரவுத் துறையில் வேலை செய்துகொண்டே, நாளிதழ் விநியோக லாரியும் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். படிப்பை முடித்ததும் ரஸ்ஸர்ட் செனட்டர் டேனியல் பாட்ரிக் மொய்னிஹனிடமும், பின்னர் நியூயார்க் ஆளுநர் மேரியோ கூமோவிடமும் பணியாற்றினார். இருவருமே ஜனநாயகக் கட்சியினர். 1984இல் அவர் என்.பி.சி.யில் சேர்ந்ததும் நிர்வாகப் பொறுப்பில்தான். திரையில் தோன்றுவதற்காக அல்ல. பிறகு வாஷிங்டன் அலுவலகத்தின் தலைவரானார். 1991 டிசம்பரில் 'மீட் த பிரஸ்' நெறியாளர் பொறுப்பு அவருக்கு வந்தது.

கட்சி அலுவலகத்திலிருந்து வந்தவர் என்ற குறை அவர்மீது கடைசிவரை இருந்தது. என் கருத்தில் அந்த அனுபவம்தான் அவருடைய மூலதனம். ஒரு தலைவரை நேர்காணலுக்கு அனுப்புமுன் உதவியாளர்கள் என்னென்ன சொல்லிக்கொடுத்து அனுப்புவார்கள், எந்தக் கேள்வி வந்தால் எந்தப் பக்கம் நழுவச் சொல்வார்கள் என்பதெல்லாம் அவருக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. தாமே சில காலம் அந்த வேலையைச் செய்தவர் அல்லவா? நடுநிலையை அவர் கேட்ட கேள்விகளைக் கொண்டுதான் அளக்க வேண்டும். முன்பு சம்பளம் கொடுத்தவர் யார் என்பதைக் கொண்டு அளப்பதில் பொருளில்லை.

அவருடைய நேர்காணல் முறையில் அப்படி என்ன சிறப்பு? – ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்

முறை எளியது, அதன் பின்னே இருந்த உழைப்புதான் பெரியது. விருந்தினர் பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாளிதழுக்குச் சொன்னதையோ மேடையில் பேசியதையோ தேடியெடுத்து, அதைத் தேதியோடு திரையில் எழுத்தாகக் காட்டி, வரி பிசகாமல் வாசித்துவிட்டு, இன்றைய நிலைப்பாடு அதிலிருந்து ஏன் மாறியது என்று கேட்பார். எதிரே இருப்பவர் "அப்படிச் சொல்லவில்லை" என்று மறுக்க வழியே இருக்காது. 1992இல் அரைமணி நேர நிகழ்ச்சி ஒருமணி நேரமாக விரிந்ததால், மழுப்பலான பதில் வந்தால் அதே கேள்வியை மீண்டும் கேட்கவும் அவருக்கு அவகாசம் கிடைத்தது.

ஓர் உதாரணம். நெறியாளராவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 1991 நவம்பரில், கேள்வி கேட்கும் குழுவில் அவரும் ஒருவராக அமர்ந்திருந்தார். எதிரே லூசியானா மாநில ஆளுநர் தேர்தலில் நின்ற டேவிட் டியூக். கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை நிறவெறி அமைப்பின் முன்னாள் தலைவர். (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர்; நம் மாநில ஆளுநரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) டியூக்கின் இனவெறிப் பேச்சுகளைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம், அவற்றுக்கு அவரிடம் பதிலும் தயாராக இருந்தது. ரஸ்ஸர்ட் கேட்டதோ, லூசியானாவில் அதிகம் பேருக்கு வேலை கொடுக்கும் மூன்று பெரிய உற்பத்தி நிறுவனங்கள் எவை என்பது. டியூக்கால் ஒரு பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. ஆளத் துடிக்கும் மாநிலத்தைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதை நாடே பார்த்தது. அந்தத் தேர்தலில் அவர் தோற்றார்.

2000ஆம் ஆண்டுத் தேர்தல் இரவில் அவர் பலகையில் எழுதியது ஏன் இன்றும் பேசப்படுகிறது? – வாசகர், கோவை

அதிபர் வேட்பாளர்களான புஷ், கோர் இருவரும் வெற்றிக்குத் தேவையான 270 தேர்வாளர் வாக்குகளை (அதிபரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கப்பட்டவை) எட்டப் போராடிக்கொண்டிருந்த அந்த நவம்பர் 7 இரவில், சுற்றிலும் கணினி வரைபடங்கள் மின்னிக்கொண்டிருக்க, ரஸ்ஸர்ட் ஒரு சிறிய வெள்ளைப் பலகையில் கையால் கூட்டல் கழித்தல் போட்டுக் காட்டினார். முடிவில் "புளோரிடா, புளோரிடா, புளோரிடா" என்று எழுதி நேயர்களிடம் காட்டினார். அந்த மாநிலத்தின் 25 தேர்வாளர் வாக்குகள்தாம் அதிபரைத் தீர்மானிக்கும் என்பது அதன் பொருள். அதே இரவில் தொலைக்காட்சி நிறுவனங்கள் புளோரிடாவை முதலில் கோருக்கும், பிறகு புஷ்ஷுக்கும் தந்து, இரண்டையும் திரும்பப் பெற்று அவமானப்பட்டன. இறுதியில் புஷ் அங்கே மக்கள் அளித்த வாக்குகளில் 537 வித்தியாசத்தில் வென்றதாக அறிவிக்கப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது.

ஈராக் போருக்கு முன் அவர் அரசை உரிய முறையில் கேள்வி கேட்கவில்லை என்பது உண்மையா? – வாசகர், சென்னை

பெருமளவு உண்மை. 2002 செப்டம்பர் 8 காலை, ஈராக் அணு ஆயுதத் திட்டத்துக்காக அலுமினியக் குழாய்களை வாங்க முயல்வதாக நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. தகவல் தந்தவர்கள் பெயர் வெளியிடப்படாத அரசு அதிகாரிகள். அன்றே 'மீட் த பிரஸ்' நிகழ்ச்சிக்கு வந்த துணை அதிபர் டிக் செனி, அந்த நாளிதழைச் சுட்டிக்காட்டியே அதே விஷயத்தைப் பேசினார். அரசு கசியவிட்ட தகவல், நாளிதழ் வழியாகச் சான்றாகி, அரசின் வாய்க்கே திரும்பி வந்தது. போருக்குப் பின் நடந்த தேடலில் அப்படியோர் அணு ஆயுதத் திட்டம் நடப்பில் இருந்ததற்கான சான்று கிடைக்கவில்லை.

ரஸ்ஸர்ட் கேட்கவே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. போர் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், 2003 மார்ச் 16 அன்று, ஈராக்கியர்கள் எதிர்த்து நின்றால் நீண்ட, இரத்தம் தோய்ந்த போருக்கு அமெரிக்க மக்கள் தயாராக இருக்கிறார்களா என்று செனியிடம் கேட்டார். விடுதலை தருபவர்களாகவே நம்மை வரவேற்பார்கள் என்றார் செனி. கேள்வி கூர்மையானதுதான், ஆனால் பதிலை அசைக்க அவர் கையில் எதுவும் இல்லை. பேச்சை மாற்றிப் பேசுபவரைப் பிடிக்கும் கலையில் அவருக்கு நிகரில்லை. தவறான ஒன்றையே நேற்றும் இன்றும் மாறாமல், முகம் வாடாமல் சொல்பவர் முன்னால் அந்தப் பழைய மேற்கோள்கள் பயனற்றுப் போயின.

2007இல் செனியின் முன்னாள் தலைமை உதவியாளர் லிபிமீது நடந்த பொய்ச்சாட்சிய வழக்கில் ரஸ்ஸர்ட் சாட்சி சொல்ல நேர்ந்தது. அதே வழக்கில், 'மீட் த பிரஸ்' நிகழ்ச்சியில் தோன்றினால் செய்தியை நம் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று செனியின் அலுவலகம் கருதியதும் சாட்சியத்தில் வெளிவந்தது. இத்தனை கடுமையான கேள்வியாளர் என்று பெயர் எடுத்தவருக்கு இதைவிட வருத்தம் தரும் சான்றிதழ் இருக்க முடியாது.

அதே ஆண்டு, போருக்கு முந்தைய செய்திகளைப் பற்றி இதழாளர் பில் மோயர்ஸ் எடுத்த ஆவணப்படத்தில், அரசின் கூற்றுகள் குறித்து மற்ற அதிகாரிகளுக்கு ஐயங்கள் இருந்தன என்றும், அவர்களிடமிருந்து தமக்குத் தொலைபேசி அழைப்பு வந்திருக்கக்கூடாதா என்றும் ரஸ்ஸர்ட் ஆதங்கப்பட்டார். அந்த ஐயங்களை அதே வாஷிங்டனில் இருந்த நைட் ரிடர் நிறுவனச் செய்தியாளர்கள் ஜானதன் லாண்டேயும் வாரன் ஸ்ட்ரோபெலும், உயர்பதவியில் இல்லாத அதிகாரிகளைத் தேடிப் பிடித்து, போருக்கு முன்பே எழுதியிருந்தார்கள்.

அவருக்குப் பின் நிகழ்ச்சியை நடத்தியவர்கள் யார்? – வாசகி, நாகர்கோவில்

2008 ஜூன் 13 அன்று, ஞாயிறு நிகழ்ச்சிக்கான குரல்பதிவுக்காக அலுவலகத்தில் இருந்தபோது மாரடைப்பால் ரஸ்ஸர்ட் காலமானார், வயது 58. அந்த ஆண்டுத் தேர்தல் முடியும்வரை டாம் புரோக்கா பொறுப்பேற்றார். பிறகு டேவிட் கிரிகரி, 2014 முதல் சக் டாட், 2023 முதல் கிறிஸ்டன் வெல்கர் என நெறியாளர்கள் மாறினர். 1947இல் தொடங்கிய அந்த நிகழ்ச்சியை ரஸ்ஸர்ட் அளவுக்கு நீண்ட காலம் நடத்தியவர் வேறு யாரும் இல்லை.